தலைக்கு ஒரு வெள்ளி நாற்பது காசு

எண்பத்து மூன்றில் எனக்கு ஆறு வயது.
விளக்கு வைத்த பிறகு வெளியே போகாதே என்றாள் அம்மா.
கடலில் பாலம் கட்டுகிறார்களாம்,
தூணுக்கொரு தலை கேட்கிறதாம் கடல்,
சாக்கோடு ஓர் ஆள் அலைகிறானாம் பிறைப் பக்கம்.

மலாய்ப் பிள்ளைகளுக்கும் சொல்லி வைத்திருந்தார்கள்,
சீனப் பிள்ளைகளுக்கும்.
மூன்று மொழியிலும் அதே சாக்கு.
அடுத்த வீட்டு அமிர்தகணேசன் மட்டும்
தன் தலை பெரிது, சாக்கில் நுழையாது என்று
இருட்டிலும் சைக்கிள் விட்டான்.

பாலம் எழுந்தது.
யார் தலையும் குறையவில்லை எங்கள் வரிசையில்.
தூண்களை எண்ணிவிடுவதென்று
பஸ் சன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு போனேன்.
நடுக்கடலில் அது முதுகை உயர்த்தும் இடத்தில்
வயிறு ஒருமுறை புரண்டது,
எண்ணிக்கை தண்ணீரில் விழுந்தது.

இருபத்திரண்டு வயதில் அதன் வாசலிலேயே வேலை.
டோல் சாவடி, மோட்டார் தடம்.
முகம் பார்க்க நேரமில்லாத வேலை.
ஒரு ஹெல்மெட், பின்னால் இன்னொரு ஹெல்மெட்,
இடையிலிருந்து நீளும் ஒரு கை.
பாயான் லெப்பாஸ் சிப்பு ஆலைக்குப் போகும் கைகளில்
நகப்பூச்சு இருக்காது.
மீன் சந்தைக் கை தரும் நோட்டு
வெயில் காலத்திலும் ஈரம்.
ஒரு கையில் மருதாணி சிவந்து, மங்கி,
பிறகு மோதிரமும் காணாமல் போனது.
கேட்கவா முடியும்?
மீதிச் சில்லறையைக் கொஞ்சம் மெதுவாக வைத்தேன்.

வண்டிக்குத்தான் கட்டணம், அட்டவணையில்.
நான் எண்ணியது தலைகளை.
விடியற்காலை மழையில்
மூடிய கண்ணாடிகளோடு ஆயிரமாயிரமாய் வந்தன.
அம்மா முழுப் பொய் சொல்லவில்லை,
விலையைத்தான் கூட்டிச் சொல்லிவிட்டாள்.

தீவுக்குப் போகத்தான் காசு, திரும்புவது சும்மா.
ஃபெரியிலும் அதே வழக்கம்.
மாமியார் வீட்டு மரியாதை என்பார் ஒருவர்,
தினமும், அதே இடத்தில், அதே சிரிப்போடு.

பக்கத்துச் சாவடி ரொஹானியின் அப்பா
அந்தத் தூண்களுக்குக் கான்கிரீட் ஊற்றியவர்.
வண்டி குறைந்த ஓர் இரவில் கேட்டேவிட்டேன்:
உள்ளே நிஜமாகவே ஏதாவது?
இருக்கிறது என்றாள்.
ஒரு தூக்குச்சட்டி. நெத்திலிச் சம்பலோடு.
கை தவறி விழுந்ததாம்.
அவள் அம்மா இன்னும் அந்தச் சட்டியைக் கேட்கிறாளாம்.

தைப்பூசத்துக்கு முந்தின இரவு
என் தடம் முழுக்க மஞ்சள்.
பால்குடம் மடியில், வேல் முதுகில்,
தண்ணீர்மலைக்குப் போகும் கைகளில்
சில்லறைகூட விபூதி மணக்கும்.
மறுநாள் எதிர்த் தடத்தில் திரும்பி வருவார்கள்,
சந்தனம் பூசிய மொட்டைகள்,
ஹெல்மெட் நிற்காமல் வழுக்க
ஒரு கையால் அழுத்திப் பிடித்தபடி.
கடல் கேட்டதாகச் சொன்னதை
மலை வாங்கிப் பார்த்துவிட்டு
முடியை மட்டும் வைத்துக்கொண்டு
திருப்பித் தந்துவிட்டது.

இரண்டாயிரத்துப் பத்தொன்பது, வருடத்தின் முதல் நாள்.
மோட்டாருக்கு இனி டோல் இல்லை.
போ, போ என்று கை காட்டுவதற்காக
மூன்று நாள் எங்களை அங்கேயே உட்கார வைத்தார்கள்.
அப்போதும் வேகத்தைக் குறைத்தார்கள்,
பழக்கம்.
சட்டைப் பைக்குப் போன கைகள்
பாதியில் நினைவு வந்து திரும்பின.

ஒரு கை மட்டும் திரும்பவில்லை.
எதுவும் இல்லாமல் நீண்டது,
எதுவும் இல்லாமல் நானும் நீட்டினேன்.
விரல் நுனி பட்டது.
வண்டி நிற்கவில்லை,
பாலத்தில் ஏறிச் சின்னதாகிவிட்டது.

யாருடைய கையோ.
வீட்டுக்கு வந்து இரண்டு தரம் சோப்புப் போட்டேன்.
சங்கிலி எண்ணெய்,
அவ்வளவு சீக்கிரம் போகாது.